மரக்காணம் பக்கம் கல்லூரி பார்க்கப் போய்க் கட்டிலில் படுத்தோம்

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், பீச், மீன் சாப்பாடு என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். கல்லூரி பார்க்கப் போனதையும் எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. ஆனால் 'பொண்ணைப் பாராமெடிக்கல் சேர்க்கணும், ஈ.சி.ஆர். பக்கம் காலேஜ் எல்லாம் இருக்காமே, போய்ப் பார்த்துட்டு ஒரே நாளில் திரும்ப முடியுமா' என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். முடியும். பஸ், வாடகை, நேரம் எல்லாம் கீழே இருக்கிறது. கல்லூரியின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். கேட்டு மெயில் போடாதீர்கள், எனக்கு வக்கீல் வைக்க வசதியில்லை.

எதற்குப் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா செல்வி மரக்காணத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகள் நிவேதா இந்த வருஷம் பிளஸ் டூவில் 478 மார்க். டயாலிசிஸ் டெக்னீஷியன் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. பக்கத்து வீட்டுக்காரர் சிறுநீரகம் பழுதாகி வாரம் இரண்டு முறை பாண்டிச்சேரிக்கு டயாலிசிஸ் செய்யப் போகிறார். லீவு நாட்களில் அவருக்குத் துணையாகப் போய் வந்தாள். அங்கே மிஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண், நோயாளியிடம் சீரியல் கதை பேசிக்கொண்டே வலிக்காமல் ஊசி குத்துவதைப் பார்த்ததிலிருந்து இவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

அரசு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பட்டியல் வர நாளாகும். வந்தாலும் பெயர் இருக்குமோ இருக்காதோ. இந்த நேரம் பார்த்து ஒரு தனியார் கல்லூரியிலிருந்து ஒரு பெண் தினமும் போன் செய்ய ஆரம்பித்தாள். இரண்டே சீட்தான் பாக்கியாம், புதன்கிழமை கடைசி நாளாம், இருபத்தைந்தாயிரம் முன்பணம் கட்டினால் போதுமாம். கட்டாமல் விட்டு, அரசு சீட்டும் வராமல் போனால் நிவேதா ஒரு வருஷம் வீட்டில் இருக்க வேண்டும். குப்பத்தில் பிளஸ் டூ முடித்த பெண் ஒரு வருஷம் வீட்டில் இருந்தால், அந்த வருஷம் முடிவதற்குள் கல்யாணப் பத்திரிகை அடித்துவிடுவார்கள். நிவேதாவுக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் போனில் அந்தப் பெண் பேசும்போதெல்லாம் முகம் வெளுத்துப் போய் நின்றாளாம்.

இந்த வீட்டில் முடிவெடுப்பது அக்காவும் இல்லை, மச்சானும் இல்லை. மச்சானின் அக்கா அஞ்சலை. கடற்கரையில் ஏலத்தில் மீன் எடுத்து உள்ளூர் கிராமங்களில் விற்கிறவர். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் போனில் எனக்கு உத்தரவு போட்டார்.

"தம்பி, அம்மாம் பணத்த குடுக்கற எடத்த பாக்காம குடுக்கறதா? மாப்ள வூடு பாக்கற மாதிரி ஜனமா போய்ப் பாக்கணும். தாய்மாமன் இல்லாம போனா மரியாதையா இருக்காது. நீ வந்துரு."

தாய்மாமனுக்கு மறுப்புச் சொல்லும் உரிமை கிடையாது. ஆபீசில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, ஜூன் மாதம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்த வாரத்தின் புதன்கிழமை கிளம்பினேன். திருவான்மியூரில் காலை 5.50க்குப் பாண்டிச்சேரி பஸ். மரக்காணத்துக்கு டிக்கெட் 115 ரூபாய், ஏறக்குறைய 105 கிலோமீட்டர், இரண்டு மணி நாற்பது நிமிஷம். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். மரக்காணம் நெருங்கும்போது உப்புப் பாத்திகள் வரும். காலை வெயிலில் கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் இட்லி நன்றாக இருந்தது, நான்கு இட்லி வடையோடு 55 ரூபாய். சாப்பிட்டுவிட்டு வெகு நேரம் காத்திருந்தேன், வேன் வர மணி பத்தாகிவிட்டது. டிரைவர் ஏழுமலை, நாள் வாடகை 1,800, டீசல் சேர்த்து. உள்ளே அக்கா, அஞ்சலையக்கா, நிவேதா, தெருவிலிருந்து முனியம்மா உட்பட மூன்று பெண்கள். நிவேதாவைத் தவிர எல்லோரும் பட்டு மாதிரி மினுக்கும் புடவையில், தலை நிறையப் பூவோடு. அஞ்சலையக்கா மடியில் ஒரு தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, பழம். ஆம்பிளைகள் யாரும் இல்லை, தடை முடிந்த வாரம் என்பதால் எல்லோரும் கடலில் இருந்தார்கள். என்னோடு சேர்த்து ஏழு பேர். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்றார் அஞ்சலையக்கா. டிரைவரைச் சேர்த்தால் எட்டு வருகிறதே என்றேன். டிரைவர் கணக்கில் சேராதாம்.

"இன்னாண்ணா, யாருக்குக் கல்யாணம்?" என்று ஏழுமலை என்னிடம் கேட்டார்.

"காலேஜ் பாக்கப் போறோம்பா."

"காலேஜ் பாக்கவா? தட்டு எதுக்கு?"

அஞ்சலையக்கா பின்சீட்டிலிருந்து பதில் சொன்னார். "புடிச்சிருந்தா மாத்திக்கறதுக்கு. நீ ரோட்ட பாத்து ஓட்டு."

வேன் கிளம்பியதும் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். "அங்க இன்னா குடுத்தாலும் யாரும் வாயில வெக்கக்கூடாது. பேச்சு முடியறவரைக்கும் கை நனைக்கறதில்ல." தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சம்பந்தம் பேசப் போகும் வீட்டில், முடிவாகும்வரை சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சரி என்று சொன்னதாகிவிடும். காலேஜ் கேன்டீனுக்கும் அது பொருந்துமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பாண்டி ரோட்டில் கொஞ்ச தூரம், அப்புறம் உள்ளே திரும்பி மூன்று கிலோமீட்டர். இதற்கு மேல் வழி சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள். முந்திரித் தோப்புக்கு நடுவில் கண்ணாடி போட்ட நாலு மாடிக் கட்டடம். மணி பத்தே முக்கால். வேனைப் பார்த்ததும் வாட்ச்மேன் ஓடி வந்து கேட்டைத் திறந்தார்.

"ஏம்பா இவ்ளோ லேட்டு? ஒம்பதுக்கு வரச் சொன்னா இப்ப வர்றீங்க! பின்னாடி ஆஸ்பத்திரி பிளாக்குக்குப் போங்க, சீக்கிரம்."

நாம் வருவதைச் சொல்லி வைத்திருக்கிறார்கள், நல்ல மரியாதை என்று அஞ்சலையக்காவுக்குப் பரம திருப்தி. பின்பக்கம் போனால், கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு இளைஞர் வியர்த்து வழிய நின்றிருந்தார். அட்டையில் 'கோ-ஆர்டினேட்டர்' என்று இருந்தது.

"ஆள கூட்டியாந்தது நீங்களா?"

"நான் தாய்மாமன்" என்றேன்.

"சரி மாமா, வாங்க வாங்க. டைம் இல்ல."

ஒரு நீளமான ஹாலுக்குள் கூட்டிப்போனார். ஒன்பது கட்டில், புது மெத்தை, சிலவற்றில் பாலித்தீன் உறை கூடப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு போர்டு. எங்களை ஆளுக்கு ஒரு கட்டிலில் படுக்கச் சொன்னார். முனியம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் படுத்த கட்டிலில் 'எட்டு மாத கர்ப்பம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கோ-ஆர்டினேட்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு அவரை எழுப்பி 'கண்புரை'க்கு மாற்றினார்.

"எதுக்குடா படுக்கச் சொல்றாங்க?" என்று அக்கா என்னிடம் கிசுகிசுத்தாள்.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. போனில் பேசிய பெண், 'எங்க காலேஜ்ல எல்லாமே பிராக்டிகல்தான் சார்' என்று சொல்லியிருந்தாள். நான் பெரிய மனுஷன் தோரணையில் எல்லோருக்கும் விளக்கினேன். "இதுக்குப் பேரு செயல்விளக்கம். பெத்தவங்களையே நோயாளியா படுக்க வெச்சு, பசங்க எப்படிப் பாத்துக்கறாங்கன்னு காட்டுவாங்க. பெரிய காலேஜ்ல எல்லாம் இப்படித்தான்."

"மெட்ராஸ்ல இருக்கறவனுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு அஞ்சலையக்கா கட்டிலில் ஏறி, தட்டைத் தலைமாட்டில் வைத்து, ஃபேனுக்கு நேராகக் காலை நீட்டிப் படுத்தார். அவர் போர்டில் 'உயர் ரத்த அழுத்தம்'. எனக்குக் 'கால் எலும்பு முறிவு'. ஒரு மாணவர் வந்து என் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, பாதத்திலிருந்து முழங்கால்வரை ஈரத் துணியைச் சுற்றி மாவுக்கட்டு போட ஆரம்பித்தார். உடையாத காலுக்கா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் பிராக்டிகல் என்றால் முழுசாகத்தான் இருக்க வேண்டும் என்று காலைக் காட்டிக்கொண்டு கிடந்தேன்.

நிவேதா அன்று வெள்ளைச் சுடிதார் போட்டிருந்தாள். கோ-ஆர்டினேட்டர் அவளைப் பார்த்து, "நீ எந்த பேட்ச்? கோட் எங்க? இந்தா போடு, தீபிகா பக்கத்துல நில்லு" என்று ஒரு வெள்ளைக் கோட்டை எறிந்தார். அவளுக்கும் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

பதினொன்றரைக்குப் பிரியாணிப் பொட்டலம் வந்தது. வாசனை ஹாலையே தூக்கியது. எங்களோடு வந்த பெண்கள் ஒருவர்கூடத் தொடவில்லை. அஞ்சலையக்கா பொட்டலத்தைக் கையால் தள்ளி, "பேச்சு முடியாம கை நனைக்க மாட்டோம்" என்றார்.

கோ-ஆர்டினேட்டர் முகம் மாறியது. "அம்மா, தலைக்கு முன்னூறு, பிரியாணி. அதான பேச்சு?"

முன்னூறு என்று காதில் விழுந்ததும் அஞ்சலையக்கா எழுந்து உட்கார்ந்தார். கட்டணத்தில் கழிவு தருகிறார்கள் என்று நினைத்துவிட்டார். ஏலத்தில் முப்பது வருஷம் நின்றவர். "முன்னூறா? எங்க பொண்ணு நானூத்தி எழுவத்தெட்டு மார்க் வாங்கியிருக்குது!"

"மார்க்கா? அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா... சரி, நானூறு."

"ஆயிரம் சொல்லு."

"ஐயோ, அவங்க வர்ற நேரம்மா. ஐந்நூறு. அதுக்கு மேல என் கையில இல்ல. கொஞ்சம் சோகமா படுங்க, போதும்."

ஐந்நூறுக்குப் பேச்சு முடிந்தது. ஆனால் அவர் அந்தப் பக்கம் போனதும் அஞ்சலையக்கா அக்காவிடம் சொன்னார். "சீட்டும் குடுத்து காசும் குடுக்கறான்னா எங்கயோ இடிக்குதுடி. நாறிப்போன மீனுக்குத்தான் கொசுறு ஜாஸ்தி போடுவாங்க." அதனால் பிரியாணி அப்படியே இருந்தது. நான் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், காலையில் சாப்பிட்ட இட்லி எப்போதோ போய்விட்டது.

அப்போதுதான் தீபிகா வந்தாள். இறுதி ஆண்டு மாணவி, நிவேதாவை விட மூன்று வயது பெரியவள் இருக்கலாம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வந்து அஞ்சலையக்காவின் கையில் பட்டையைச் சுற்றினாள். காற்றை அடித்து, காதில் குழாயை வைத்துக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினாள். மறுபடி எடுத்தாள். மூன்றாவது முறையும் எடுத்தாள்.

"நூத்தி எண்பது, நூத்திப் பத்துன்னே வருது. நான் தப்பா எடுக்கறேன் போல" என்று நிவேதாவிடம் சொன்னாள். "போர்டுல ஹை பிபின்னு எழுதியிருக்குதுல்ல, அதைப் பாத்துட்டு எனக்கும் காதுல அப்படியே கேக்குது. அக்கா, உங்களுக்கு நெஜமா ஒண்ணும் இல்லதான?"

"எனக்கு இன்னா கேடு? கல்லாட்டம் இருக்கறேன்."

"அதான பாத்தேன்" என்று நூற்று இருபதுக்கு எண்பது என்று எழுதினாள். "நாங்க ஒருத்தருக்கு ஒருத்தர்தான் எடுத்துப் பழகறோம். எல்லாருக்கும் இதே நம்பர்தான் வரும். வேற நம்பர் நான் பாத்ததே இல்ல."

"ஏன், இங்க இவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி இருக்குது, நோயாளிங்க வர மாட்டாங்களா?" என்று நிவேதா கேட்டாள்.

தீபிகா சாதாரணமாகத்தான் சொன்னாள். "இன்ஸ்பெக்‌ஷன் வந்தாதான் எங்களுக்குப் பேஷன்ட் வருவாங்க. போன வருஷம் நான் லீவு, மிஸ் பண்ணிட்டேன். நான் தொட்டுப் பாக்கற மொத ஆளே இவங்கதான்."

சொல்லிவிட்டு அக்காவுக்கும் எடுக்கலாமா என்று ஆசையோடு கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பத்து மாணவிகள் எங்கள் கைகளுக்காக வரிசையில் நின்றார்கள். தலைக்கு முன்னூறு எதற்கு, சோகமாக ஏன் படுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. எழுந்து ஓடலாம் என்று பார்த்தேன். மாவுக்கட்டு கல்லாக இறுகியிருந்தது.

அதற்குள் வெளியே சத்தம். இன்னொரு வேன் வந்து நின்றது. அதில் ஒன்பது பேர். இவர்கள்தான் உண்மையாக ஏற்பாடு செய்யப்பட்ட நோயாளிகள். வழியில் டயர் பஞ்சராம். எங்கள் கட்டில்களைப் பார்த்து ஒரு பெரியவர் கத்தினார். "வருஷா வருஷம் நான்தான்யா கால் ஒடஞ்சவன்! இது யாரு புதுசா?" நான் கட்டைக் காலைத் தூக்கிக் காட்டி, வேண்டுமானால் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கோ-ஆர்டினேட்டர் அழாத குறை. வாசலில் இன்ஸ்பெக்‌ஷன் கார் திரும்பும் சத்தம் கேட்டதும், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் படுங்க" என்று, காலியாக இருந்த மூன்று கட்டில் போக மற்றவர்களை எங்கள் கட்டில்களிலேயே ஏற்றினார். என் மெத்தையில் பாதியில் அந்தப் பெரியவர். அவர் தொழில் தெரிந்தவர், படுத்ததும் முனக ஆரம்பித்துவிட்டார்.

மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. ஒரு கட்டிலில் இரண்டு கண்புரை, ஒரு கட்டிலில் இரண்டு எலும்பு முறிவு என்று பார்த்துக்கொண்டே வந்து நிவேதாவின் முன் நின்றார்.

"நீ எந்த வருஷம்மா?"

எல்லோரும் அவளைப் பார்த்தோம். கோ-ஆர்டினேட்டர் அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்று இரண்டு விரலைக் காட்டினார், இரண்டாம் வருஷம் என்று சொல்லச் சொல்லி. நிவேதா பயந்த சுபாவம், கடையில் சில்லறை பாக்கி கேட்கக்கூடத் தயங்குவாள். குரல் கொஞ்சம் உடைந்தாலும் தெளிவாகச் சொன்னாள்.

"நான் இன்னும் சேரலை மேடம். சேரலாமான்னு பாக்க வந்தோம். இவங்கெல்லாம் எங்க வீட்டு ஆளுங்க."

அந்த அம்மா தலைமாட்டில் இருந்த வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "பாத்தாச்சா?"

"பாத்துட்டோம் மேடம்."

அவர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். என்ன எழுதினார், அதற்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். நிவேதா கோட்டைக் கழற்றி மடித்துக் கட்டிலில் வைத்தாள். அஞ்சலையக்கா தட்டை எடுத்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்ட மாணவரிடம் இதைப் பிரித்துவிடப்பா என்று கெஞ்சினேன். "போடறதுதான் சார் சொல்லிக் குடுத்திருக்காங்க. எடுக்கறது அடுத்த செமஸ்டர்" என்றார் பாவமாக. அக்கா தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே வேன் ஏறினேன். தீபிகாவும் நிவேதாவும் கேட்டருகே போன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். ஏழுமலை என் காலைப் பார்த்து, "இன்னாண்ணா, ரெண்டு மணி நேரத்துக்குள்ள அடிச்சே புட்டாங்களா?" என்றார்.

வேனில் நிவேதா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சீட் போயிற்றே என்ற வருத்தம் என்று நினைத்தேன். பிறகு சொன்னாள். "மாமா, தப்பா எடுத்தா மூணு தடவையும் வேற வேற நம்பர்தான வரணும்? அத்தைக்கு மூணும் ஒரே நம்பர் வந்துச்சே."

அஞ்சலையக்கா, நாலு மணிக்குக் கரையில் ஏலம் இருக்கிறது, ஆஸ்பத்திரியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார். நிவேதா கேட்கவில்லை. மரக்காணம் அரசு ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்த வைத்து, அத்தையைக் கையைப் பிடித்து இறக்கினாள். உள்ளே நர்ஸ் ஒரே தடவைதான் எடுத்தார். நூற்று எண்பத்திரண்டு, நூற்றுப் பத்து.

"இத்தன நாளா தலை சுத்தலையாம்மா?"

"சுத்தும். வெயிலு, கூடை தூக்கறேன், அதான்னு இருந்துட்டேன்."

டாக்டர் வந்து ஈ.சி.ஜி. எடுத்தார், மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தார், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தார். இப்படியே விட்டிருந்தால் ஒரு நாள் கை கால் விழுந்துபோயிருக்கும் என்று பட்டென்று சொல்லிவிட்டார். காலையிலிருந்து சிரித்ததெல்லாம் அடங்கிப்போயிற்று. செலவு ஒன்றுமில்லை. என் காலைப் பார்த்த நர்ஸ், கதையைக் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு, "தண்ணில ஊற வெச்சா தானா வந்துரும் போங்க" என்றார்.

கட்டோடு குப்பத்துக்குள் போக முடியாது. ரொட்டியும் ஆரஞ்சுமாக மொத்த ஊரும் விசாரிக்க வந்துவிடும். ஏழுமலையின் மச்சான் உப்பளத்தில் வேலை செய்கிறார், அங்கே போய் வேனை நிறுத்தினோம். நான் பக்கத்திலிருந்த பாத்தியில் காலை விடப் போனேன்.

"யோவ்! பாத்தியில கால வெக்காத! மாவு கரைஞ்சா உப்பு போச்சு!" என்று ஏழுமலையின் மச்சான் உப்பு வாரும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கழிவுத் தண்ணீர் ஓடும் வாய்க்காலைக் காட்டினார். வெயிலில் அது வெந்நீராக இருந்தது. முக்கால் மணி நேரம் அதில் காலைப் போட்டு உட்கார்ந்தேன். கட்டு இளகி உரிந்தது. காலில் ஏற்கெனவே இருந்த கொசுக்கடி எல்லாம் உப்பு பட்டுத் தீயாக எரிந்தது.

அங்கிருந்துதான் நிவேதா தீபிகாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, நீங்க எடுத்தது கரெக்ட். ஜி.எச்.ல நூத்தி எண்பத்திரண்டு."

"நெஜமாவா? நூத்தி எண்பத்திரண்டா? நான் கேட்டது சரிதானா?" என்று ஒரு கூச்சல். அஞ்சலையக்காவுக்கு வியாதி என்று கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான் இருப்பாள். அடுத்த நிமிஷம் விசும்பும் சத்தம். "அப்ப நான் நூத்தி இருபதுன்னு எழுதிட்டேனே" என்றாள். நிவேதா போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து போய்ப் பேசினாள்.

அஞ்சலையக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பொண்ணு காது சரியாத்தான் கேட்டிருக்குது தம்பி. சரிதான்னு சொல்ல அங்க ஒரு ஆளு இல்ல. மூணு வருசம் படிச்சும் தன் காத தானே நம்ப மாட்டேங்குது. அந்த எடத்துல நம்ம புள்ளைய விட வேணாம்" என்றார். அதோடு முடிவாயிற்று. திரும்பி வந்த நிவேதாவிடம் சொன்னோம். அவள் தலையாட்டினாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. சீட் வேண்டாம் என்பது அவளுக்கும் சம்மதம்தான். அடுத்த வருஷத்தை நினைத்துத்தான் பயம். நான் உரித்த கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மாலை 5.20க்கு மரக்காணத்தில் பஸ் ஏறி எட்டு மணிக்குத் திருவான்மியூர். எனக்கு மொத்தச் செலவு 2,100 ரூபாய்க்குள், வேன் வாடகையும் சேர்த்து. பேசி முடித்த ஐந்நூறு ரூபாய் யாருக்கும் வந்து சேரவில்லை.

கல்லூரி பார்க்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். சொல்லாமல் போங்கள், சாதாரண ஒரு வேலை நாளில் போங்கள். முகப்புக் கண்ணாடியைப் பார்க்க வேண்டாம், பின்பக்கம் ஆஸ்பத்திரியில் புறநோயாளி வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். வரிசையில் நிற்பவர்களிடம் எந்த ஊர், என்ன உடம்புக்கு என்று பேச்சுக் கொடுங்கள். முதல்வர் அறையில் டீ குடிப்பதைவிட இறுதி ஆண்டு மாணவர் ஒருவரோடு மரத்தடியில் பத்து நிமிஷம் நில்லுங்கள். எத்தனை பேர் கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறாய் என்று கேளுங்கள். அவர் தப்பாக எடுத்தால் திருத்தவும், சரியாக எடுத்தால் சரி என்று சொல்லவும் பக்கத்தில் யாராவது நிற்பார்களா என்று கேளுங்கள். படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பதை அவர்கள் காட்டும் காகிதத்தில் பார்க்காமல் நீங்களே விசாரியுங்கள். 'இன்றே கடைசி' என்று போன் வந்தால் நிதானமாக இருங்கள். எங்களுக்கு அந்தப் பெண் இன்னமும் போன் செய்கிறாள், அதே இரண்டு சீட் இன்னமும் பாக்கி இருக்கிறது. கடைசியாக, யார் படுக்கச் சொன்னாலும் படுக்காதீர்கள்.

நிவேதாவின் பெயர் முதல் பட்டியலில் வரவில்லை. இரண்டாவது பட்டியலுக்குக் காத்திருக்கிறோம். அதிலும் வராமல் போகலாம். போன ஞாயிற்றுக்கிழமை மச்சானின் சித்தப்பா, செய்யூர் பக்கம் ஒரு நல்ல பையன் என்று போட்டோவோடு வீட்டுக்கே வந்துவிட்டாராம். அக்கா காபி கொடுத்திருக்கிறாள். அஞ்சலையக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்தாராம்.

"கல்யாணப் பேச்சு எடுத்தா எனக்கு பிரஷர் ஏறுது சித்தப்பா. ஏறவே கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. எனக்கு இன்னா ஆனாலும் நீதான் பொறுப்பு. இன்னும் பேசணுமா, பேசு."

சித்தப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போட்டோவோடு எழுந்து போய்விட்டார். நிவேதா பதறி ஓடி, புதிதாக வாங்கி வைத்திருக்கும் கருவியை எடுத்து வந்து அத்தைக்குப் பார்த்திருக்கிறாள். நூற்று முப்பதுக்கு எண்பத்திரண்டு. சரியாகத்தான் எடுத்தோமா என்று இன்னொரு தடவையும் பார்த்தாளாம், அதே நம்பர்.

"சரியாத்தான் எடுத்திருக்கற" என்றாராம் அஞ்சலையக்கா. "வெளிய சொல்லாத."